மனநல வார்டில் சக ஆதரவாளர் வேலை: முதல் நாளுக்கு முன்பிருந்து டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரை

மனநோய்க்குச் சிகிச்சை எடுத்து ஓரளவு தேறியவர், இப்போது அதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்கு மருத்துவமனைக்குள்ளேயே துணையாக நிற்பதைத்தான் சக ஆதரவு என்கிறோம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இந்த வேலையைத் தொடங்கப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன். நானும் சிகிச்சையில் இருப்பவன்தான். இந்த வேலையைச் செய்திருக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குக் கூட நின்று சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

அவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது வரிசையில்தான். நெஞ்சு நிறைய அக்கறையோடு வந்து, முதல் நாளே தன் கதை முழுவதையும் கொட்டிவிடுவார்கள். தன் வேலை எதுவரை என்ற கேள்வி, சிக்கல் ஒன்று வந்த பிறகுதான் அவர்களுக்கு எழும். அதனால் கீழே இருக்கும் படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் உங்கள் நிலையைப் பாருங்கள்

குணமாகி எத்தனை வருஷம் ஆயிற்று என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் வாழ்க்கையின் மிக மோசமான நாட்களைப் பற்றிப் பேசிவிட்டு, அன்றிரவு உங்களால் தூங்க முடிகிறதா? மாத்திரையும் சாப்பாடும் ஒழுங்காக இருக்கின்றனவா? இந்த இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்ல முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு மறுபடி வரப்போகிறது என்றால் முதலில் என்ன மாறும் (தூக்கம் குறைவது, வேகமாகப் பேசுவது, போனை எடுக்காமல் இருப்பது). அதை யார் என்னிடம் முகத்துக்கு நேராகச் சொல்லலாம். அப்போது நான் யாரிடம் போவேன். வார்டில் ஒருவர் கத்துவதைக் கேட்டாலோ, ஒருவரைப் பிடித்து ஊசி போடுவதைப் பார்த்தாலோ உங்கள் பழைய நாட்கள் சட்டென்று திரும்பி வரும். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது, அதனால் முன்பே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

வேலை செய்யும் அதே மருத்துவமனையில்தான் சிகிச்சையும் எடுக்கிறீர்கள் என்றால், முடிந்தால் வேறு யூனிட் டாக்டரிடம் மாறிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், உங்கள் கேஸ் ஷீட்டை உடன் வேலை செய்பவர்கள் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை என்று துறைத் தலைவரிடம் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

2. வேலை எதுவரை என்பதை எழுத்தில் வாங்குங்கள்

நான் அதிகம் வற்புறுத்துவது இந்தப் படியைத்தான். அரசு ஆஸ்பத்திரியில் எப்போதும் ஆள் பற்றாக்குறை. கை காலோடு ஓர் ஆள் சும்மா நிற்கிறார் என்று தெரிந்தால், ஒரே வாரத்தில் அவர் வார்டுப் பணியாளர் ஆகிவிடுவார். சொல்பவர்களிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. ஆனால் ஒருமுறை நீங்கள் ஒரு நோயாளியின் கையைப் பிடித்து அழுத்த உதவிவிட்டால், அந்த வார்டில் இனி யாரும் உங்களிடம் மனம் விட்டுப் பேசமாட்டார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் அதை ஞாபகம் வைத்திருப்பார்கள்.

ஒரு பக்கக் கடிதம் போதும். செய்வது: நோயாளி விரும்பினால் அவரோடு பேசுவது, கூட நடப்பது, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தயார்செய்ய உதவுவது, அவர் கேட்டால் ரவுண்ட்ஸ் நேரத்தில் பக்கத்தில் நிற்பது, சிறு குழுவாகப் பேச வைப்பது, டிஸ்சார்ஜுக்குப் பிறகு தொடர்பில் இருப்பது.

செய்யாதது: பிடித்து அடக்குவது, மாத்திரை கொடுப்பது, விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது, கதவுக்குக் காவல் நிற்பது, கையெழுத்து வாங்கித் தருவது. கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. "நீங்க சொன்னா கேட்பார், ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிக் கொடுங்க" என்று யாராவது சொன்னால், உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கையை வேறொரு வேலைக்குக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். அதை டாக்டரே விளக்கிச் சொல்லி வாங்கட்டும்.

அதே கடிதத்தில் வேலை நேரம், அடையாள அட்டை, மேற்பார்வையாளர் யார் என்பதும் இருக்க வேண்டும். சம்பளமா, மதிப்பூதியமா, போக்குவரத்துச் செலவா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். பஸ் காசைத் தன் கையிலிருந்து போட்டு வந்துபோகிறவரால் இந்த வேலையில் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க முடியாது. மேற்பார்வையாளராகத் துறையின் சோஷியல் ஒர்க்கரோ சைக்காலஜிஸ்டோ இருந்தால் நல்லது. வாரம் ஒருமுறை அவரோடு தனியாக உட்காரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு வேலை இருப்பதே நிர்வாகத்துக்குத் தெரியாமல் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் குவாலிட்டிரைட்ஸ் (மனநலச் சேவையில் தரமும் உரிமையும்) திட்டத்தின் கீழ் ஒருவருக்கொருவர் சக ஆதரவு பற்றி ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது, இணையத்தில் இலவசம். குஜராத்தின் அரசு மனநல மருத்துவமனைகளில் இதே திட்டத்தில் சக ஆதரவுத் தன்னார்வலர்கள் வேலை செய்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சுலபமாகும்.

3. வார்டின் ஒரு நாளைத் தெரிந்துகொள்ளுங்கள்

நோயாளிகளிடம் போவதற்கு முன் இரண்டு மூன்று நாள் வார்டைக் கவனியுங்கள். காலையில் ரவுண்ட்ஸ், பிறகு மருந்து, ஓபி கூட்டம், மதியச் சாப்பாடு, ஷிப்ட் மாறும் நேரம். ரவுண்ட்ஸ் நடக்கும்போது பேச உட்கார்ந்தால் எல்லோருக்கும் இடைஞ்சல். சாப்பாட்டுக்குப் பிறகு, மாலைக்கு முன் வரும் அந்த நீண்ட வெறும் நேரத்தில்தான் நோயாளிகளுக்குத் தனிமை அதிகம். நீங்கள் தேவைப்படுவது அப்போதுதான்.

வார்டு சிஸ்டர், பணியாளர்கள், வாசல் செக்யூரிட்டி எல்லோரிடமும் நீங்களே போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். "சிஸ்டர், நான் இன்னிக்கு அஞ்சாம் பெட் அண்ணன்கிட்ட பேசப் போறேன், இப்ப போகலாமா?" என்று தினமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். முந்தின இரவு என்ன நடந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

தீப்பெட்டி, லைட்டர், பிளேடு, கண்ணாடிப் பாட்டில், கயிறு வைத்த பை எதுவும் உள்ளே கொண்டுபோக வேண்டாம். பீடி கேட்பார்கள், அதிலும் உறுதியாக இருங்கள். போனில் வார்டுக்குள் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்தில் வெளியிடுவதை மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் 24-ஆவது பிரிவு தடுக்கிறது. உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அப்படி ஒரு படம் வரக் கூடாது.

4. சட்டத்தில் இவ்வளவாவது தெரிந்திருக்கட்டும்

வார்டில் உங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி "என்னை எப்ப விடுவாங்க?" என்பதுதான். பதில் அவர் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவில் அட்மிட் ஆனார் என்பதைப் பொறுத்தது.

தானாகச் சம்மதித்து வந்தவர் 86-ஆவது பிரிவில் இருப்பார். அவர் டிஸ்சார்ஜ் கேட்கலாம். சில காரணங்கள் இருந்தால் மட்டும் டாக்டர் 24 மணி நேரம் வரை நிறுத்தி வைத்துப் பரிசோதிக்கலாம். நியமனப் பிரதிநிதியின் (நோயாளி சார்பில் முடிவெடுக்க உதவும் உறவினர் அல்லது அவர் குறிப்பிட்டவர்) விண்ணப்பத்தில் சேர்க்கப்பட்டவர் 89-ஆவது பிரிவில் இருப்பார். அது 30 நாள் வரை. அதை எதிர்த்து, இந்தச் சட்டப்படி இத்தகைய முறையீடுகளை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அவர் விண்ணப்பிக்கலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

"டாக்டர் சொல்ற வரைக்கும் இருங்க" என்று சமாதானம் சொல்வது உங்கள் வேலை இல்லை. "ரெண்டு நாள்ல விட்டுருவாங்க" என்று வாக்குக் கொடுப்பது அதைவிட ஆபத்து. நாளைக்கு அது பொய்யானால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். "நீங்க எந்தப் பிரிவுல இருக்கீங்கன்னு சிஸ்டர்கிட்ட சேர்ந்து கேட்போமா?" என்பது சரியான பதில்.

சங்கிலியால் கட்டுவது எந்த வகையிலும் கூடாது என்கிறது 95-ஆவது பிரிவு. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் ஷாக் சிகிச்சை கொடுப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. மற்றபடி ஒருவரைக் கட்டிவைப்பது, உடனடி ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டுமே நடக்கலாம். தண்டனைக்காகவோ ஆள் குறைவு என்பதற்காகவோ கட்டக் கூடாது (97-ஆவது பிரிவு). மீறலைப் பார்த்தால் அங்கேயே சண்டை போடாதீர்கள், பார்த்தும் பேசாமல் போய்விடாதீர்கள். தேதி, நேரம், பார்த்தது என எழுதி மேற்பார்வையாளரிடம் அன்றே கொடுங்கள். நோயாளியே புகார் தர விரும்பினால் மருத்துவமனைப் பொறுப்பு அதிகாரியிடம் தரலாம், தீராவிட்டால் வாரியத்துக்குப் போகலாம். அதை எழுத நீங்கள் உதவலாம்.

5. முதல் சந்திப்பு

பக்கத்தில் போய் நின்றதும் பேச ஆரம்பிக்காதீர்கள். அனுமதி கேளுங்கள். "அண்ணே, கொஞ்ச நேரம் இங்க உக்காரலாமா?" வேண்டாம் என்றால் சரி என்று வந்துவிடுங்கள். ஊசி, மாத்திரை, குளியல், தூக்கம் என்று எதற்கும் "வேண்டாம்" சொல்ல முடியாத இடத்தில் இருப்பவர் அவர். உங்களிடம் அவர் சொன்ன "வேண்டாம்" மதிக்கப்பட்டது என்பதே நல்ல தொடக்கம். மறுநாள் மறுபடி கேளுங்கள்.

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். "நான் டாக்டர் இல்ல, நர்ஸும் இல்ல. எனக்கும் உடம்பு இப்படி ஆகி அட்மிட் ஆகியிருக்கேன், இப்பவும் மாத்திரை சாப்பிடுறேன். பேசணும்னா பேசலாம், இல்லைன்னா சும்மா உக்காந்திருக்கலாம்." அதோடு ஒன்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "நீங்க சொல்றத வெளியில சொல்லமாட்டேன். உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு தோணினா மட்டும் சிஸ்டர்கிட்ட சொல்லுவேன். அப்பவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினால், அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு இந்த நிபந்தனை அவருக்குத் துரோகமாகப் படும்.

வயதில் மூத்தவரை ஐயா, அம்மா என்றும், ஏறக்குறைய ஒத்த வயதுக்காரரை அண்ணன், அக்கா என்றும் கூப்பிடுங்கள். அவர் எப்படிக் கூப்பிடச் சொல்கிறாரோ அதுவே முடிவு. வார்டுக்கு வந்ததும் ஒருவரை "நீ, வா, போ" என்று பேசும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. பெண்கள் வார்டுக்குப் பெண் சக ஆதரவாளரே போவது நல்லது.

6. கேட்பது

புதியவர்களின் வாய் துடிப்பது அறிவுரை சொல்லத்தான். "யோகா பண்ணுங்க, நல்லதா நினைங்க, குடும்பத்துக்காக வாழுங்க." இதை எல்லாம் அவர் ஏற்கெனவே நூறு பேரிடம் கேட்டிருக்கிறார். நீங்கள் நூற்றி ஒன்றாவது ஆளாக வேண்டாம்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லைப் பிடித்துக் கேளுங்கள். "ராத்திரிதான் ரொம்பக் கஷ்டம்னு சொன்னீங்க, ராத்திரி என்ன ஆகும்?" மௌனம் வந்தால் விடுங்கள். மருந்தின் அசதியில் பதில் வரவே நேரமாகலாம். அந்த நேரத்தில் அடுத்த கேள்வியைப் போட்டால் முதல் பதிலும் போய்விடும்.

காதில் குரல் கேட்கிறது, பக்கத்து வீட்டார் மருந்து வைக்கிறார்கள் என்று சொன்னால் வாதாட வேண்டாம். ஆமாம் போடவும் வேண்டாம். ஆமாம் போட்டால் அந்தப் பயம் இன்னும் கெட்டிப்படும், மறுத்தால் நீங்களும் மற்றவர்கள் பக்கம் சேர்ந்துவிடுவீர்கள். "அப்படி இருந்தா யாருக்கும் பயமாத்தான் இருக்கும். இப்பவும் கேக்குதா?" என்று அந்தப் பயத்தைப் பற்றிப் பேசுங்கள்.

7. உங்கள் கதையை எப்போது, எவ்வளவு

அவர் கேட்டால் சொல்லலாம், அல்லது அவர் சொன்ன ஒன்றுக்கு உங்கள் அனுபவம் நேராகப் பொருந்தினால் சொல்லலாம். வேறு எப்போதும் வேண்டாம். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. முடித்ததும் பேச்சை அவரிடமே திருப்பிவிட வேண்டும்.

வாய் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி: இதைச் சொல்வது யாருக்கு இதம்? எனக்கு என்றால் அதை மேற்பார்வையாளரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஒப்பிடாதீர்கள். "எனக்கு இதைவிட மோசம்" என்ற ஒரு வரி அவருடைய வலியைச் சின்னதாக்கிவிடும். "எனக்கு இந்த மாத்திரைதான் கேட்டுச்சு" என்பதும் வேண்டாம், அவருக்கு அது ஒத்துவராமல் போகலாம். தற்கொலைக்கு முயன்றதைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால் எப்படிச் செய்தீர்கள் என்ற விவரத்துக்குள் போகவே கூடாது. அதற்குப் பிறகு எது உங்களைப் பிடித்து நிறுத்தியது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

8. சாவைப் பற்றிப் பேச்சு வந்தால்

"எல்லாருக்கும் பாரமா இருக்கேன்", "இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று அவர் சொன்னால் நேராகக் கேளுங்கள்: "அக்கா, செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஏற்கெனவே இருப்பதை வெளியே சொல்ல வழி கிடைக்கும். சுற்றி வளைத்துக் கேட்டால், இதைப் பேச உங்களுக்கே பயம் என்று புரிந்துகொண்டு மறைப்பார்.

ஆமாம் என்றால் அவரைத் தனியாக விட்டு எழுந்து போகாதீர்கள். பக்கத்தில் இருப்பவரை அனுப்பி சிஸ்டரை வரவழையுங்கள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று அவர் கெஞ்சலாம். முதல் நாள் சொன்னதை ஞாபகப்படுத்திவிட்டு, அவர் முன்னாலேயே சொல்லுங்கள். திடீரென்று அவர் ரொம்ப அமைதியாகி, தன் பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தால் அதையும் உடனே தெரிவியுங்கள். தேறிவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம்.

வெளியே இருப்பவரிடமிருந்து இப்படி ஒரு போன் வந்தால், வீட்டில் யார் கூட இருக்கிறார்கள் என்று கேட்டு அவரைப் பக்கத்தில் இருக்க வையுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104 இரண்டிலும் இரவிலும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 108.

9. மாத்திரை, மந்திரம், குடும்பம்

மாத்திரையைக் கூட்டு, குறை, நிறுத்து என்று எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் பக்கவிளைவைப் பற்றி டாக்டரிடம் பேச வைப்பது உங்கள் வேலையின் முக்கியமான பகுதி. உடல் இறுக்கம், எடை கூடுவது, எச்சில் ஊறுவது, தாம்பத்தியச் சிக்கல் இவற்றைக் கூச்சத்தில் சொல்லாமல் பலர் மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். ரவுண்ட்ஸுக்கு முன் ஒரு சீட்டில் மூன்று கேள்விகளை அவர் கையாலேயே எழுத வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் அவர் சொல்வதை நீங்கள் எழுதுங்கள்.

இரண்டு விஷயங்களில் மட்டும் காத்திருக்கக் கூடாது. மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் சாப்பிடுபவருக்கு வாந்தி, பேதி, கை நடுக்கம், நடை தள்ளாட்டம் வந்தால் உடனே தெரிவியுங்கள். கோடையில் உடம்பில் நீர் வற்றும்போது இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபைன் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கலாம் என்பதால் அன்றே டாக்டர் பார்த்தாக வேண்டும்.

செய்வினை, காற்றுக் கருப்பு என்று குடும்பம் சொன்னால் அதை மூடநம்பிக்கை என்று சாடாதீர்கள். தாயத்தும் மாத்திரையும் ஒரே உடம்பில் இருக்கலாம். மாத்திரை நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். ஆனால் எங்காவது கொண்டுபோய்க் கட்டிப்போடப் போகிறோம் என்றால், சோஷியல் ஒர்க்கரை உடனே பேச வையுங்கள். 2001-இல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

நோயாளி சொன்னதை, அவரைக் கேட்காமல் அம்மாவிடமோ மனைவியிடமோ சொல்லாதீர்கள். நோயாளியோடு தங்கியிருக்கும் உறவினர் தூக்கமில்லாமல் நொந்துபோயிருப்பார், அவருக்கும் இரண்டு நிமிடம் கொடுங்கள். ஆனால் நீங்கள் யார் பக்கம் என்பதில் குழப்பம் வேண்டாம்.

10. எழுதி வைப்பது

சந்திப்பு முடிந்ததும் நான்கு வரி போதும். தேதி, எவ்வளவு நேரம், எதைப் பற்றி, அடுத்து என்ன. "முரண்டு பிடிக்கிறார்" என்று எழுதாதீர்கள், "இன்று பேச விரும்பவில்லை" என்று எழுதுங்கள். தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் முகம் சுளிக்காத மாதிரி எழுதினால் சரியாக இருக்கும்.

11. டிஸ்சார்ஜுக்கு முன்னும் பின்னும்

வார்டில் இருந்ததைவிட, வீட்டுக்குப் போன முதல் சில வாரங்கள் கடினம். தற்கொலை ஆபத்து அதிகமாக இருக்கும் காலமும் அதுதான். அதனால் டிஸ்சார்ஜ் சீட்டு கையில் வந்த பிறகு பேச ஆரம்பித்தால் நேரம் போதாது. தேதி முடிவானதுமே உட்காருங்கள்.

அடுத்த ஓபி எந்த நாள், மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது, தீர்ந்தால் எங்கே வாங்குவது? மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் தாலுகா மருத்துவமனைக்கு எந்த நாள் வருகிறார் என்று கேட்டு எழுதிக் கொடுங்கள். மாதாமாதம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரப் பஸ் காசு இல்லாமல் மருந்தை விட்டவர்கள் நிறையப் பேர். நோய் நெடுநாள் நீடித்து வேலை செய்ய முடியாதவருக்கு, ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ மதிப்பிடப்பட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்கும். அந்த விண்ணப்பத்தை வார்டில் இருக்கும்போதே சோஷியல் ஒர்க்கர் மூலம் தொடங்கிவிடுங்கள். அடுத்த முறை உடம்பு மோசமானால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் பிரதிநிதி என்பதை எழுதி வைக்கும் முன்கூட்டிய அறிவுறுத்தல் பற்றியும், தெளிவாக இருக்கும் இந்த நேரத்தில்தான் பேச முடியும். அவசரச் சிகிச்சைக்கு அது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தொடர்புக்கு மருத்துவமனை கொடுத்த எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டுக்குப் போன மூன்றாம் நாளுக்குள் ஒரு போன், பிறகு வாரம் ஒன்று. "மாத்திரை போட்டீங்களா?" என்று ஆரம்பிக்காதீர்கள். அதைக் கேட்க வீட்டில் ஆள் இருக்கிறது. "ராத்திரி எப்படி இருக்கு? வெளியில போனீங்களா?" என்று ஆரம்பியுங்கள். கடன் கொடுப்பது, வாங்குவது, வீட்டு விசேஷத்துக்குப் பணம் வைப்பது மூன்றும் வேண்டாம். எத்தனை மாதம் இந்தத் தொடர்பு என்பதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஒரு நாள் போன் நின்றுபோனால், தன்னால்தான் நின்றது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

12. உங்களுக்கு முடியாத நாள்

முதல் படியில் எழுதிய தாளை மாதம் ஒருமுறை மேற்பார்வையாளரோடு எடுத்துப் பாருங்கள். தூக்கம் இரண்டு நாள் கெட்டால் வார்டுக்குப் போக வேண்டாம், உங்கள் டாக்டரிடம் போங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் "அவருக்கு உடம்பு சரியில்லை, வேற ஒருத்தர் வருவார்" என்று சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் யார் என்பதையும் இரண்டாம் படியில் வாங்கிய கடிதத்திலேயே எழுத வைத்துவிடுங்கள். நீங்கள் அட்மிட் ஆனால் வேலை போகாது, தேறியதும் திரும்பலாம் என்ற வரியையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த உறுதி இல்லாத இடத்தில் சக ஆதரவாளர்கள் தங்கள் அறிகுறியை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். அதில் அவர்களுக்கும் கேடு, நோயாளிக்கும் கேடு.